கதிர் பொறுக்கும் மூன்று பெண்கள்: உழவுக்கூலியின் உழைப்பை ஓவியம் எப்படிக் காட்டுகிறது?

கேள்வி: கரிக்கோல்

அனைவருக்கும் வணக்கம். நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். என் வகுப்பில் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோரின் பெற்றோர் உழவுக்கூலிகள்; நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று பருவத்துக்கு ஏற்ப வயலுக்குப் போகிறவர்கள், வயலில் வேலை இல்லாத மாதங்களில் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள்.

‘உழைப்பு’ என்ற தலைப்பில் பள்ளியில் ஒரு சிறு ஓவியக் கண்காட்சி வைக்கவிருக்கிறோம். உலக ஓவியங்களின் நகல்கள் சிலவற்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னுடையது. நான் முதலில் எடுத்தது, பிரெஞ்சு ஓவியர் ழான்-பிரான்சுவா மில்லே 1857இல் காட்சிக்கு வைத்த ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’. அறுவடை முடிந்த கோதுமை வயலில் மூன்று பெண்கள் குனிந்து, சிந்திக் கிடக்கும் கதிர்களைப் பொறுக்கும் காட்சி அது. வகுப்பில் அதைக் காட்டியபோது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “இவங்களுக்கு ஏன் டீச்சர் முகமே இல்லை?” என்று கேட்டாள். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன், “படம் அழகாத்தான் இருக்கு, ஆனா எங்கம்மா பார்த்தா அழகுன்னு சொல்லமாட்டாங்க” என்றான்.

இரண்டுக்கும் எனக்குத் திருப்தியான விடை கிடைக்கவில்லை. உரக்கடை நாட்காட்டியில், கசங்காத சேலையும் மல்லிகைப்பூவுமாகக் கதிர்க்கட்டைத் தலையில் வைத்துச் சிரிக்கும் பெண்ணைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, மில்லேயின் ஓவியம் உண்மைக்கு மிக அருகில் இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. இருந்தாலும், கடைசியில் இதுவும் வசதி படைத்தவர்கள் வாங்கி வீட்டுக் கூடத்தில் மாட்டிக்கொண்ட படம்தானே? ஒருவருடைய முதுகுவலியை அந்திப்பொன் நிறத்தில் தீட்டும்போது, அந்த வலி மதிக்கப்படுகிறதா, பார்ப்பவருக்கு இதமாக்கப்படுகிறதா? அந்தப் பெண்களின் நிலையில் இருப்பவர்களுடைய பிள்ளைகளுக்கு முன்னால் இந்த ஓவியத்தை எப்படி வைப்பது என்பதுதான் என் கேள்வி. விவரம் அறிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள்.


மறுமொழி: தாளடி

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். அந்த மாணவியின் கேள்வி மிகச் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது. அதற்கு விடை சொல்ல, முன்னால் இருக்கும் மூன்று பெண்களை விட்டுவிட்டு முதலில் படத்தின் பின்பகுதியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பின்னால், நல்ல வெயிலில், கோதுமைப் போர்கள் வீடுகளைப்போல உயர்ந்து நிற்கின்றன. ஒரு வண்டியில் கதிர்க்கட்டுகளை வண்டி கொள்ளாமல் ஏற்றுகிறார்கள். ஒரு கூட்டமே அங்கே வேலை செய்கிறது. அவர்கள் கூலிக்கு அறுப்பவர்கள். வலது ஓரத்தில், மிகச் சிறியதாக, குதிரைமேல் ஒருவர் இருக்கிறார். நிலத்துக்காரரின் சார்பில் வேலையை மேற்பார்வை பார்க்கும் காரியக்காரர் அவர். முன்னால் இருக்கும் மூவரும் அந்தக் கூலிக் கூட்டத்திலும் சேராதவர்கள். அறுப்பு முடிந்து, கட்டுகள் அகற்றப்பட்ட பிறகு, தரையில் விடுபட்டவற்றை எடுத்துக்கொள்ள மட்டும் உரிமை பெற்றவர்கள். ஆக, இந்த ஓவியத்தில் நிலவுடைமை, கூலி, கூலிகூட இல்லாத வறுமை ஆகிய மூன்று படிநிலைகள் ஒரே வயலுக்குள் இருக்கின்றன. அவற்றுக்கு இடையில் உள்ள தொலைவையே மில்லே ஓவியத்தின் பொருளாக்கியிருக்கிறார்.

இந்த உரிமையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரான்சில் கதிர் பொறுக்குவது யாரும் மனமிரங்கிக் கொடுத்த சலுகையாக மட்டும் இருக்கவில்லை. ஏழைகள், முதியோர், உடல் இயலாதோர், சிறுவர் ஆகியோர் அறுவடைக்குப் பின் கதிர் பொறுக்கலாம் என்று 1554ஆம் ஆண்டின் அரசாணை ஒன்று சொன்னது. மில்லே வாழ்ந்த காலத்தில் நடைமுறையிலிருந்த 1810ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டமோ, விளைச்சல் முழுவதும் அகற்றப்படாத வயலில் பொறுக்கினாலும், சூரியன் உதிக்கும் முன்போ மறைந்த பின்போ பொறுக்கினாலும் அபராதம் என்று வரையறுத்தது. அந்த மூவரும் அப்படிக் குனிந்தே இருப்பதற்கு வறுமை ஒரு காரணம் என்றால், பொழுது சாய்வதற்குள் முடித்தாக வேண்டும் என்ற இந்தச் சட்டம் இன்னொரு காரணம். நிமிர்ந்து நின்று நம்மைப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை.

இப்போது முகத்தைப் பற்றிய கேள்விக்கு வரலாம். குனிந்திருக்கும் இருவருடைய உடலும் அடிவானக் கோட்டுக்குக் கீழேயே அடங்கிவிடுகிறது. பாதி நிமிர்ந்திருக்கும் மூன்றாமவரின் தலை மட்டும் அந்தக் கோட்டைத் தொடுகிறது. பின்னால் கொட்டிக் கிடக்கும் வெளிச்சம் அவர்களுடைய முதுகில் சற்றுப் படுகிறதே தவிர முகத்தை எட்டவில்லை. தனி ஒருத்தியின் சோகத்தைக் காட்டிப் பார்ப்பவரைக் கண்கலங்க வைப்பதை மில்லே தவிர்த்தார் என்றே நான் கருதுகிறேன். முகத்தைக் காட்டியிருந்தால் நாம் அவளுக்காக இரங்கியிருப்போம். முதுகைக் காட்டியதால் அவள் செய்யும் வேலையைப் பார்க்கிறோம்.

1857இல் பாரிஸ் கண்காட்சியில் இதைப் பார்த்தவர்கள் இதமடையவில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். மன்னராட்சியை வீழ்த்திய 1848ஆம் ஆண்டுப் புரட்சி நடந்து பத்து ஆண்டுகள்கூட ஆகாத காலம் அது. ஒரு விமர்சகர் இந்த மூவரையும் வறுமையின் விதித் தெய்வங்கள் என்று பழித்தார். இன்னொருவருக்கோ அவர்களுக்குப் பின்னால் பிரெஞ்சுப் புரட்சியின்போது 1793இல் எழுந்த கொலைமேடைகளே தெரிந்தன. மில்லே சமவுடைமைவாதி என்ற பெயரை ஏற்றுக்கொள்ளவில்லை. மனித வாழ்வின் பக்கமே கலையில் தம்மைத் தொடுகிறது என்று எழுதினார். நார்மண்டிக் கடற்கரையில் கிரூஷி என்ற சிற்றூரில் 1814இல் உழவர் குடும்பத்தில் பிறந்து, இளமையில் தாமே வயலில் வேலை செய்தவர் என்பதால், அந்த உடல்களை அவருக்குத் தெரிந்திருந்தது. 1849 முதல் பார்பிசான் என்ற ஊரில் ஒன்பது பிள்ளைகளோடு கடனும் பற்றாக்குறையுமாக வாழ்ந்து 1875இல் இறந்தார்.


மறுமொழி: சுவடி

தாளடி அவர்கள் ஓவியத்தைப் படித்துக் காட்டிய விதம் சிறப்பாக இருக்கிறது. ஆனால் அந்த மாணவனின் சொல்லுக்கு அவர் விடை தரவில்லை என்று நினைக்கிறேன். அவன் கேட்டது ஓவியரின் நோக்கத்தைப் பற்றி அன்று. படம் போய்ச் சேர்ந்த இடத்தைப் பற்றி.

முதலில் எதிர்ப்பக்கத்தைப் பார்ப்போம். இங்கிலாந்தில் ஜார்ஜ் ஸ்டப்ஸ் 1785இல் அறுவடைக்காரர்களையும் வைக்கோல் சேர்ப்பவர்களையும் இரண்டு ஓவியங்களாகத் தீட்டினார். குதிரை ஓவியத்தில் பெயர் பெற்றவர் அவர். ஒவ்வொரு அசைவையும் நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார். அறுவடைப் படத்தில் குதிரைமேல் மேற்பார்வையாளர் அமர்ந்திருக்கிறார், ஆண்களும் பெண்களும் வரிசையாக அறுக்கிறார்கள். ஆனால் ஒருவருடைய சட்டையிலும் வியர்வை இல்லை, பெண்களின் தொப்பிகள் சலவைக்காரரிடமிருந்து அப்போதுதான் வந்தவைபோல வெளுத்திருக்கின்றன. தம் நிலத்தில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நிலத்துக்காரர் மனநிறைவு கொள்ள இதைவிட ஏற்ற படம் இல்லை. ஆசிரியை சொன்ன நாட்காட்டிப் பெண்ணின் மூத்த உறவு இது என்று சொல்லலாம்.

மில்லேயின் ஓவியம் வெளிவந்து இரண்டே ஆண்டுகளில், 1859இல், ழூல் பிரெத்தோன் என்பவர் அதே கதிர் பொறுக்கும் பெண்களை வரைந்தார். தம் சொந்த ஊரான கூரியேரில் பார்த்த காட்சியைத்தான் அவரும் வரைந்திருக்கிறார். பொழுது சாய்கிறது, பிறை தெரிகிறது, ஊர்க்காவலர் கையை வாயருகே குவித்து ‘நேரம் முடிந்தது’ என்று குரல் கொடுக்கிறார். பெண்கள் கதிர்க்கட்டுகளைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். தாளடி குறிப்பிட்ட அந்தச் சட்டத்தை மில்லேயைவிடவும் பிரெத்தோன் வெளிப்படையாகக் காட்டியிருக்கிறார் என்பது உண்மை. வெறுங்கால், கிழிந்த உடை, அனைத்தும் இருக்கின்றன. ஆனால் நடுவில் வரும் பெண் தலைநிமிர்ந்து, பழைய கிரேக்கச் சிலைகளின் மிடுக்கோடு நடந்து வருகிறாள். முகங்கள் தெளிவாகத் தெரிகின்றன, அவை அழகான முகங்கள். பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அந்த ஓவியத்தை வாங்கினார். மில்லேயின் மூவரோ 3,000 பிராங்குக்குத்தான் விலை போனார்கள்.

இதைச் சொல்வதன் காரணம், முகத்தைக் காட்டுவது என்பது மட்டும் மதிப்பாகிவிடாது என்பதே. பிரெத்தோன் முகம் கொடுத்தார். கூடவே களைப்பை எடுத்துவிட்டார். அரண்மனைக்குப் போக அது வழி செய்தது.

அதற்காக மில்லேயை மட்டும் தனியே தூக்கி வைத்துவிடவும் என்னால் முடியவில்லை. அவருடைய ஓவியங்களுக்கு அவர் இறந்த பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’ 1889இல் 3,00,000 பிராங்குக்கு விற்றது. ஷாம்பெயின் மதுத்தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய பொம்மெரி குடும்பத்து அம்மையார் வாங்கினார், அவர் வழியாக நாட்டுக்கு வந்து இப்போது பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே 1889இல், உருளைக்கிழங்கு வயலில் மணியோசை கேட்டு வேலையை நிறுத்திப் பிரார்த்திக்கும் கணவன் மனைவியை அவர் வரைந்த ஓவியம் 5,53,000 பிராங்குக்கு ஏலம் போனது. பிறகு அது தட்டுகளிலும் அஞ்சலட்டைகளிலும் அச்சாகி, பணிவும் பக்தியும் உள்ள ஏழை என்ற பிம்பத்தை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தது. அன்றைய பார்வையாளரை அச்சுறுத்திய ஓவியர், முப்பது ஆண்டுகளில் அவர்களை ஆறுதல்படுத்துபவராக மாற்றப்பட்டுவிட்டார். படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. சுற்றியிருந்த சமூகம் அதைப் பார்க்கும் முறை மாறியது. விற்ற விலைக்கும் ஓவியரின் குடும்பம் பட்ட பாட்டுக்கும் இருந்த இடைவெளி ஊரறிந்த பேச்சானது. மறுவிற்பனையில் ஓவியருக்கும் வாரிசுகளுக்கும் பங்கு உண்டு என்று 1920இல் பிரான்ஸ் சட்டம் இயற்றியதற்கு இந்த எடுத்துக்காட்டும் உதவியது. ஓவியரின் வாரிசுக்குச் சட்டம் வந்தது. குனிந்து நின்ற பெண்களுக்கு அந்த விலையில் எந்தத் தொடர்பும் இல்லை. உங்கள் மாணவன் அறியாமலேயே இதைத்தான் கேட்டிருக்கிறான்.


மறுமொழி: நாற்றங்கால்

வணக்கம். எனக்கு ஓவியக் கலை பற்றிய படிப்பு கிடையாது. திருமணத்துக்கு முன்பும் பின்பும் பல ஆண்டுகள் நடவுக்கும் அறுப்புக்கும் போனவள் என்ற முறையில், நீங்கள் சொன்ன படத்தைத் தேடிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

இந்தப் படத்தை வரைந்தவர் குனிந்து வேலை செய்தவர் என்று தாளடி ஐயா எழுதுவதற்கு முன்பே எனக்குத் தோன்றியது. இடது ஓரத்தில் இருக்கும் பெண் ஒரு கையால் தரையைத் தொட்டபடி, மற்றொரு கையை முதுகுக்குப் பின்னால் மடித்து வைத்திருக்கிறாள். வெளியிலிருந்து பார்த்து வரைபவருக்கு அந்தக் கை எங்கே போகும் என்று தெரியாது. முன்னால் தொங்கவிடுவார், அல்லது முழங்காலில் வைப்பார். நாள் முழுவதும் குனிபவர்கள் கையைப் பின்னிடுப்பில் கொடுத்தால்தான் அடுத்த அடி எடுத்து வைக்க முடியும். மூன்றாவது பெண்ணும் ஓய்வெடுக்க நிமிரவில்லை. முழுவதுமாக நிமிர்ந்தால் மறுபடி குனியும்போது இரண்டு மடங்கு வலிக்கும் என்பதால், வேலை முடியும்வரை பாதி நிமிர்ந்து பாதி குனிந்தே நகர்வோம். அவளும் அதைத்தான் செய்கிறாள். முன்துணியை மடிபோல மடித்துக் கட்டி அதில் தானியத்தைச் சேர்க்கிறார்கள். எங்கள் பக்கத்தில் கடலை பிடுங்கிய கொல்லையில், மண்ணுக்குள் தப்பி நின்ற கடலையைக் கிளறி எடுக்கும்போது நாங்களும் சேலையை அப்படித்தான் மடித்துச் செருகுவோம்.

நடவில் குனிவது இன்னொரு வகை. இடக்கையில் நாற்று முடியைப் பிடித்துக்கொண்டு, வலக்கை விரல்களால் சில நாற்றுகளைப் பிரித்துச் சேற்றில் ஊன்றி, ஊன்றி, கால் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். முன்னால் பச்சை வரிசை நீண்டுகொண்டு போவதைப் பார்த்தால்தான் எவ்வளவு முடிந்தது என்று தெரியும். தண்ணீரிலேயே நிற்பதால் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வரும்; இரவில் அது எரிகிற எரிச்சலில் தூக்கம் வராது. நடவுப் படங்கள் பல பார்த்திருக்கிறேன், குலவையிடும் படம்கூடப் பார்த்திருக்கிறேன். சேற்றுப்புண் உள்ள ஒரு காலை யாரும் வரைந்து நான் பார்க்கவில்லை. வண்ணப் புடவைகளின் வரிசை தண்ணீரில் தெரிவதைத்தான் வரைகிறார்கள். அதுவும் உண்மைதான், வரப்பில் நின்று பார்ப்பவருக்கு அது தெரியும். நடுபவர்களுக்குத் தெரிவது சேறும், பக்கத்தில் இருப்பவளின் கையும்தான்.

முகத்தைப் பற்றி எனக்கு வேறு கருத்து இருக்கிறது. வேலை செய்யும்போது முகம் தெரியாதது இயல்புதான். ஆனால் நாங்கள் வயலில் வாய் மூடி இருந்ததே கிடையாது. பேச்சு, பாட்டு, கேலி, கூலி அரைப்படி குறைந்துபோனதைப் பற்றிய சண்டை, வீட்டில் விட்டு வந்த கைக்குழந்தையைப் பற்றிய நினைப்பு என்று ஓயாமல் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். மில்லே வரைந்த மூவரும் ஒருவருக்கொருவர் ஒன்றுமே பேசிக்கொள்ளாததுபோல இருக்கிறார்கள். அவர்களின் உடலை அவர் முழுதாக அறிந்திருக்கிறார், அவர்களுடைய பேச்சைக் கேட்டாரா என்று தெரியவில்லை. எனக்கு அந்தப் படத்தில் குறையாகத் தெரிவது இது ஒன்றே.

அந்தப் பையனிடம் சொல்லுங்கள்: அவன் அம்மா அழகு என்று சொல்லமாட்டார் என்பது சரியாக இருக்கலாம், ஆனால் “சரியா வரைஞ்சிருக்கான்” என்று சொல்லக்கூடும். நான் சொன்னேன்.


மறுமொழி: பனையோலை

நாற்றங்கால் அம்மா எழுதியதைப் படித்த பிறகு, பேச்சு என்ற இழையைப் பிடித்துக்கொண்டு நம் பக்கத்துச் செய்தி ஒன்றைச் சேர்க்கலாம் என்று தோன்றியது. பிரெஞ்சு ஓவியத்தில் மேற்பார்வையாளர் ஓரத்தில் ஒரு புள்ளியாக இருக்கிறார். நம் பள்ளு இலக்கியத்தில் அவர் நடுமேடைக்கே வந்துவிடுகிறார். பண்ணைக்காரன் என்ற அந்தப் பாத்திரம் அறிமுகமாகும்போதே கேலிக்குரிய தோற்றத்தோடு வருகிறான். கணக்குக் கேட்கிறான், குற்றம் சாட்டுகிறான், உழவனைத் தொழுவில், அதாவது கால்களைப் பூட்டும் மரக்கட்டையில், மாட்டித் தண்டிக்கிறான். நெல்வகைகளின் பெயர், மாட்டு வகைகளின் பெயர், மழைக்குறி, ஆற்றில் வரும் புதுவெள்ளம், விதைப்பு, நடவு, அறுப்பு, நெல் அளப்பு என்று ஒரு சாகுபடிப் பருவம் முழுவதும் பாட்டாகிறது. உழைப்பவர்கள் அதில் ஓயாமல் பேசுகிறார்கள். உழவனின் மூத்த மனைவியும் இளைய மனைவியும் ஏசிக்கொள்ளும் பகுதிகள் இன்றும் வாய்விட்டுச் சிரிக்க வைக்கும்.

ஆனால் அதையும் அப்படியே கொண்டாடிவிட முடியாது. அந்தப் பாடல்களைப் புனைந்தவர்கள் வயலில் இறங்கியவர்கள் அல்லர்; கோயிலையும் கொடையாளரையும் போற்ற எழுந்த இலக்கியம் அது. தொழுவில் மாட்டுவது அங்கே ஒரு வேடிக்கைக் காட்சி. மனைவி கெஞ்சியதும் விடுதலை கிடைத்துவிடும். கீழத்தஞ்சையில் பண்ணையாட்களுக்குச் சாட்டையடியும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்ததையும், 1940களில் கம்யூனிஸ்டுத் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றோர் கட்டிய விவசாயச் சங்கத்தின் போராட்டத்தால்தான் அவை ஒழிந்தன என்பதையும் அறிந்தவர்களுக்கு, அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். பண்ணையாட்களுக்கான பாதுகாப்புச் சட்டம் தஞ்சை மாவட்டத்துக்கு 1952இல்தான் வந்தது. ஓவியத்தில் மௌனமாகக் குனிந்திருப்பவர்கள் ஒரு பக்கம், பாட்டில் பேசவிட்டுக் கேலிப் பொருளாக்கப்பட்டவர்கள் மறு பக்கம். இரண்டிலுமே பார்ப்பவர் வேறு, பார்க்கப்படுபவர் வேறு.

இந்த இடைவெளி குறைந்த ஒரு முயற்சியைச் சொல்கிறேன், உங்கள் கண்காட்சிக்கு அது மிகவும் பொருந்தும். 1946 இறுதியில் வடக்கு வங்காளத்தில் தெபாகா இயக்கம் பரவியது. விளைச்சலில் பாதியை நிலத்துக்காரருக்குக் கொடுத்து வந்த குத்தகை உழவர்கள், தங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று எழுந்தார்கள். கல்கத்தாவில் ஓவியம் பயின்றுகொண்டிருந்த சோம்நாத் ஹோர், கம்யூனிஸ்டுக் கட்சியால் ரங்பூர் பகுதிக்கு அனுப்பப்பட்டார். அங்கே உழவர்களோடு இருந்து நாட்குறிப்பும் எழுதினார், கோட்டோவியங்களும் வரைந்தார். அறுத்த நெல் யாருடைய களத்துக்குப் போவது என்பதுதான் அங்கே சண்டையே. நிலத்துக்காரரின் களத்துக்குப் போகாமல் தங்கள் களத்தில் சேர்த்தார்கள். ஹோர் வரைந்த உழவர்கள் கூடிப் பேசுகிறார்கள், காவல் நிற்கிறார்கள், கதிர்க்கட்டைச் சுமந்து போகிறார்கள். பெரும்பாலானவை விரைந்து தீட்டியவை. ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளதைப்போன்ற ஒளியும் நிழலும் அவற்றில் கிடையாது. ஆனால் அவற்றில் ஒவ்வொருவருக்கும் முகம் இருக்கிறது, அந்த முகம் யாருடைய இரக்கத்தையும் எதிர்பார்க்கவில்லை.

அதனால், மில்லேயை விட்டுவிட வேண்டாம், மில்லேயை மட்டும் தனியே வைக்கவும் வேண்டாம்.


மறுமொழி: வெண்கட்டி

சுருக்கமாக ஒன்று. வான்கோ தம் வாழ்நாள் முழுவதும் மில்லேயை ஆசானாகக் கொண்டாடியவர். மனநலக் காப்பகத்தில் இருந்த 1889–90 காலத்திலும் மில்லேயின் படங்களைப் பார்த்து வண்ணத்தில் வரைந்துகொண்டிருந்தார். நெதர்லாந்தின் நூனென் ஊரில் 1885இல் அவர் தீட்டிய ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ ஓவியத்தையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஓவியத்துக்கு முன்னால் ஒரு குளிர்காலம் முழுவதும் உழவர்களின் முகங்களை மட்டுமே வரைந்து பழகினார். மண்ணெண்ணெய் விளக்கடியில், உழவர் குடும்பம் ஒன்று ஒரே தட்டிலிருந்து கிழங்கு எடுத்துச் சாப்பிடுகிறது. தட்டில் நீளும் இதே கைகள்தாம் மண்ணைத் தோண்டின என்பதைக் காட்டவே விரும்பியதாகத் தம்பி தியோவுக்கு எழுதினார். வயலே இல்லாத உழவு ஓவியம் அது. விரல் கணுக்களைப் பார்த்தாலே வயல் தெரியும். படம் அழகாக இல்லை என்று அன்று நண்பரே கண்டித்தார். உங்கள் மாணவனுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.


மறுமொழி: கரிக்கோல்

நேரம் ஒதுக்கி எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நாற்றங்கால் அம்மா எழுதியதை அச்செடுத்து, அம்மா இசைந்தால், மில்லேயின் படத்துக்குப் பக்கத்திலேயே ஒட்ட விரும்புகிறேன். மில்லே, பிரெத்தோன் இரண்டையும் அடுத்தடுத்து மாட்டி, “யார் நிமிர்ந்திருக்கிறார், யார் குனிந்திருக்கிறார், யார் குதிரைமேல் இருக்கிறார்” என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி விடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். நகலைப் பெரிய தாளில்தான் அச்சிட வேண்டும். கையடக்கமான நகலில் அந்தக் காரியக்காரர் கண்ணுக்கே தெரியவில்லை.

இன்னொரு யோசனையும் இருக்கிறது. பிள்ளைகள் தங்கள் அம்மாவையோ அப்பாவையோ வேலை செய்யும் இடத்தில் பார்த்து வரைந்து வரட்டும் என்று சொல்ல நினைக்கிறேன். கைபேசியில் படம் எடுத்து வந்து அதைப் பார்த்து வரைவதாகச் சிலர் சொல்கிறார்கள். தலைமையாசிரியர் அதற்கு ஒப்புக்கொண்டுவிட்டார். ஆனால் வேலையின் நடுவே, சேறும் வியர்வையுமாக இருக்கும் தங்களை ஊர் பார்க்கும் இடத்தில் மாட்டுவதை அந்தத் தாய்மார்கள் விரும்புவார்களா என்ற தயக்கம் எனக்குள் இருக்கிறது.


மறுமொழி: சுவடி

இந்தத் தயக்கம் மிகவும் தேவையானது. 1936இல் கலிபோர்னியாவின் நிபோமோ என்ற இடத்தில், பனியில் விளைச்சல் கருகிப்போன பட்டாணித் தோட்டத்தின் கூலிகள் தங்கியிருந்த முகாமில், டோரதியா லாங்கே என்ற புகைப்படக் கலைஞர் ஒரு தாயைப் பிள்ளைகளோடு படம் எடுத்தார். அரசு அலுவலகம் ஒன்றுக்காக எடுத்த படம் அது. உலகம் முழுவதும் அச்சாகி, அந்தக் காலத்து வறுமைக்கே முகமாகிவிட்டது. லாங்கே அன்று அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற அவருடைய பெயர் 1978இல்தான் வெளியே தெரிந்தது. படத்தால் தமக்கு ஒரு காசுகூடக் கிடைக்கவில்லை என்றும், எடுக்காமலே இருந்திருக்கலாம் என்றும் அவர் மனக்குறையோடு சொன்னார். முகாமுக்கு உணவு வந்து சேர அந்தப் படம் உதவியது என்பதும் உண்மை. அதற்குள் அவர் பிள்ளைகளோடு அங்கிருந்து கிளம்பிவிட்டார் என்பதும் உண்மை.

அதனால் உங்கள் பிள்ளைகளிடம், வரைவதற்கு முன் கேட்கச் சொல்லுங்கள். வரைந்து முடித்ததும் முதலில் வீட்டில் காட்டச் சொல்லுங்கள். மாட்ட வேண்டாம் என்று அம்மா சொன்னால் அந்தப் படம் வீட்டிலேயே இருக்கட்டும், மதிப்பெண் குறையாது என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். மாட்டலாம் என்று சொன்னவர்களின் பெயரை, அவர்கள் விரும்பினால், வரைந்த பிள்ளையின் பெயருக்கு மேலே எழுதுங்கள். என்ன வேலை, எந்தப் பருவம், அன்றைய கூலி எவ்வளவு என்பதையும் அவர்களிடமே கேட்டு ஒரு வரி சேர்க்கலாம். கண்காட்சியை மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ வையுங்கள். வேலைநாளில் பகலில் வைத்தால், படத்தில் இருப்பவர்கள் ஒருநாள் கூலியை இழந்துதான் வந்து பார்க்க வேண்டியிருக்கும்.